மாத்திரை இலவசம், அழுத்தம் ஏன் இறங்கவில்லை?

மாலை ஏழு மணிக்கு எந்த ஊர் மெடிக்கலிலாவது பத்து நிமிடம் நின்று பாருங்கள். வேலை விட்டு வரும் வழியில் ஒரு பெண் வந்து, மடிப்பு நைந்த மருந்துச் சீட்டை நீட்டுவார். “அண்ணே, பிரஷர் மாத்திரையில அஞ்சு மட்டும் வெட்டிக் குடுங்க.” கடைக்காரர் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டே, “டாக்டர் ஒரு மாசத்துக்கு எழுதியிருக்காரேம்மா” என்பார். “சனிக்கிழமை சம்பளம் வாங்கிட்டு மீதியை வாங்கிக்கிறேண்ணே.” அட்டையிலிருந்து ஐந்து மாத்திரை பிரியும். சில்லறை கைமாறும். அடுத்த ஆள் முன்னால் வந்து நிற்பார்.

அதே மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமல் கிடைக்கும். இது அந்தப் பெண்ணுக்கும் தெரியும், கடைக்காரருக்கும் தெரியும். தெரிந்தும் ஏன் கைக்காசு கொடுத்து, அதுவும் அரைகுறையாக வாங்குகிறார்? கேள்வி சின்னதுதான். ஆனால், நம் சுகாதாரக் கொள்கை ஆய்வுகள் பெரும்பாலும் இந்தக் கடை வாசலுக்கு வருவதில்லை.

சிகிச்சை எட்டுகிறதா, கட்டுப்படியாகிறதா, தரமாக இருக்கிறதா என்ற மூன்று கேள்விகளைச் சுற்றித்தான் உலகெங்கும் சுகாதாரக் கொள்கை ஆய்வு நடக்கிறது. நம்மிடம் இவை மூன்றும் தனித்தனிக் கோப்புகளாகிவிட்டன. எட்டுகிறதா என்பதற்கு எத்தனை நிலையங்கள் திறந்தோம் என்று பதில் வருகிறது. கட்டுப்படியாகிறதா என்பதற்குக் காப்பீட்டில் எத்தனை கோடி கொடுத்தோம் என்கிறார்கள். தரத்துக்குச் சான்றிதழ்களின் எண்ணிக்கை. நோயாளிக்கோ இவை மூன்றும் ஒரே பயணத்தில் வருபவை. அவரிடம் போய்க் கேட்டால், இந்த மூன்று பதில்களும் சேர்ந்தும் ஒரு பதிலாவதில்லை என்பது தெரியும்.

பெருமைக்குரிய ஒரு கிடங்கு

தமிழ்நாடு இந்த விஷயத்தில் வெறுங்கையோடு நிற்கும் மாநிலம் இல்லை. 1994-ல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மருந்து வாங்குவதில் நாட்டுக்கே வழிகாட்டியது. அதுவரை அவரவர் வாங்கிய மருந்துகளை ஒரே இடத்தில், நிறுவனப் பெயரில் அல்லாமல் மூலப்பெயரில், ஒப்பந்தப்புள்ளி கோரி மொத்தமாக வாங்கினார்கள். மாவட்டங்களில் கிடங்குகள் அமைத்தார்கள். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் வங்கிக் கணக்குப் புத்தகம்போல ஒரு பாஸ்புக். அதில் உள்ள தொகைக்குத் தேவையான மருந்தைக் கிடங்கிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். வந்திறங்கும் மருந்தின் மாதிரி, தயாரித்தவர் யார் என்பது தெரியாதபடி ஆய்வகத்துக்குப் போகும். தேறினால்தான் நோயாளியின் கைக்கு வரும். ராஜஸ்தான் 2011-ல் தன் இலவச மருந்துத் திட்டத்தைத் தொடங்கியபோது இந்த ஏற்பாட்டைத்தான் முன்மாதிரியாக எடுத்துக்கொண்டது.

மற்ற பலன்களும் கண்முன் இருக்கின்றன. 2018-20 காலத்தில் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு இந்தியாவில் 97 தாய்மார்கள் இறந்தார்கள். தமிழ்நாட்டில் அது 54. ஆக, மருந்து வந்துவிட்டது, நிலையம் வந்துவிட்டது, விலையும் இல்லை. எட்டுவதும் கட்டுப்படியாவதும் தீர்ந்துபோன சங்கதிகள் என்று நாம் நினைத்துக்கொள்ளக் காரணம் இருந்தது. ஓர் எண் வந்து அந்த நினைப்பைக் கலைத்தது.

நூற்றுக்கு ஏழு

உலக சுகாதார நிறுவனம் வகுத்த ‘ஸ்டெப்ஸ்’ முறையில் 2020-ல் தமிழ்நாட்டில் ஒரு கணக்கெடுப்பு நடந்தது. வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்பதோடு நிற்காமல், ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் அளந்து பார்க்கும் ஆய்வு அது. வயதுவந்தோரில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு உயர் ரத்த அழுத்தம் இருந்தது. அதிர்ச்சி அதில் இல்லை. அந்த நோய் உள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்குத்தான் அழுத்தம் கட்டுக்குள் இருந்தது. நீரிழிவு உள்ளவர்களில் சர்க்கரை கட்டுக்குள் இருந்தவர்கள் 10.8 சதவீதம்.

இலவச மாத்திரை கால் நூற்றாண்டாகக் கிடைக்கும் மாநிலத்தில், நூற்றுக்கு ஏழு. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பதற்கு இதைவிட நேரடியான உதாரணம் கிடைக்காது.

ஏன்? முதல் காரணம், ரத்த அழுத்தம் வலிக்காது. தலை சுற்றினாலோ, ஒரு பக்கம் கை விழுந்தாலோதான் பலருக்குத் தங்களிடம் அது இருப்பதே தெரிகிறது. நோய் இருப்பதை அறியாதவருக்கு மாத்திரை இலவசமா, விலைக்கா என்பது ஒரு பொருட்டே இல்லை.

இரண்டாவது, இலவசம் என்ற சொல்லுக்குள் ஒளிந்திருக்கும் விலை. ஓ.பி. நடக்கும் நேரமும் கூலி வேலை நடக்கும் நேரமும் ஒன்றுதான். மாதம் ஒரு தடவை மாத்திரை வாங்க வரிசையில் நின்றால் அன்றைய கூலி போகும். கண் தெரியாத மாமியாரை அழைத்துவந்தால் இரண்டு பேர் கூலி. இந்தக் கணக்கில், மெடிக்கலில் ஐந்து மாத்திரை வாங்கும் பெண் செய்வது முட்டாள்தனம் இல்லை. ஒரு நாள் கூலியை மிச்சப்படுத்தச் சில ரூபாய் கொடுக்கிறார், அவ்வளவுதான். 2021 மே மாதம் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் நீக்கப்பட்டபோது, சுகாதாரத் துறையின் கணக்கில் வராத ஒரு சுகாதாரத் திட்டமும் தொடங்கியது என்றே சொல்ல வேண்டும். ஆனால், பேருந்துக் காசு மிச்சமானதால் எத்தனை பேர் தவறாமல் மாத்திரை வாங்க வந்தார்கள் என்பது, ஆய்வாளர்கள் விரும்பி எடுக்க வேண்டிய கேள்வி.

மூன்றாவது, நம்பிக்கை. “கவர்ன்மென்ட் மாத்திரை கேக்க மாட்டேங்குது” என்ற பேச்சை ஊர்ப்புறங்களில் கேட்காதவர் இருக்க முடியாது. ஆய்வகத்தில் தேறிய மாத்திரைதான். ஆனால், போன மாதம் வெள்ளையாக இருந்தது இந்த மாதம் மஞ்சளாக வந்தால், ஏன் மாறியது என்று சொல்ல யாருக்கும் நேரமில்லை. நான்காவது காரணமும் அந்த நேரத்தைப் பற்றியதே. அழுத்தம் 160-ல் நிற்கிறது. ஆனாலும், போன தடவை எழுதிய அதே மாத்திரை, அதே அளவில் மறுபடி எழுதப்படுகிறது. வெளியே இன்னும் எண்பது பேர் நிற்கும்போது மருத்துவரால் அளவைக் கூட்டுவது பற்றி யோசிக்க முடிவதில்லை. இவருக்கு மருந்து கிடைத்தது, செலவும் இல்லை, ஆனால் சிகிச்சை நடக்கவில்லை.

அளந்தவர்கள் கண்டது

இந்தச் சிக்கலை மற்றவர்கள் எப்படி அளந்தார்கள் என்று பார்ப்பது பயன் தரும். அமெரிக்காவில் 1974-ல் தொடங்கி 1982 வரை ராண்ட் நிறுவனம், பொருளியலாளர் ஜோசப் நியூஹவுஸ் தலைமையில் ஒரு பெரும் பரிசோதனை நடத்தியது. சுமார் 2,750 குடும்பங்கள். யாருக்கு முழு இலவசம், யார் செலவில் எவ்வளவு பங்கு போட வேண்டும் என்பதைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். பங்கு போட வேண்டியவர்கள் மருத்துவரிடம் போவதைக் குறைத்துக்கொண்டார்கள். தேவையற்ற சிகிச்சையை மட்டும் குறைப்பார்கள் என்பது எதிர்பார்ப்பு. அவர்களோ தேவையானதையும் ஏறக்குறைய அதே அளவில் குறைத்தார்கள். சராசரி மனிதரின் உடல்நலத்தில் இதனால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆனால், ஏழைகளில் ஏற்கெனவே உயர் ரத்த அழுத்தம் இருந்தவர்களுக்கு, இலவச சிகிச்சை பெற்றபோது அழுத்தம் நன்றாக இறங்கியிருந்தது. மருத்துவரைப் பார்ப்பது கூடியதால், நோய் கண்டுபிடிக்கப்பட்டதே அதற்கு முக்கியக் காரணம்.

இதை மட்டும் படித்தவர் இலவசமே மருந்து என்று முடிவுகட்டிவிடலாம். ஓரிகன் மாநிலம் அவரைக் கொஞ்சம் நிறுத்தும். 2008-ல் அங்கே ஏழைகளுக்கான அரசுக் காப்பீட்டில் சுமார் 10,000 இடங்கள் இருந்தன. விண்ணப்பித்தவர்கள் ஏறக்குறைய 90,000 பேர். அரசு குலுக்கல் நடத்தியது. எமி ஃபிங்கெல்ஸ்டைன், கேத்தரின் பெய்க்கர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் அந்தக் குலுக்கலையே பரிசோதனையாக்கிக்கொண்டார்கள். காப்பீடு கிடைத்தவர்களின் கடன் சுமை குறைந்தது, மனச்சோர்வு குறைந்தது, மருத்துவரிடம் போவது கூடியது. ஆனால், இரண்டு ஆண்டு கழித்து அளந்தபோது ரத்த அழுத்தத்தில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை.

இரண்டையும் சேர்த்து வாசித்தால் ஒன்று புரியும். காசுத் தடையை எடுப்பது கதவைத் திறப்பது மட்டும்தான். உள்ளே போன பிறகு நடப்பதைத் தனியாகத்தான் அளக்க வேண்டும். பொருளியலாளர் ஜிஷ்ணு தாஸும் அவருடைய குழுவினரும் மத்தியப் பிரதேசக் கிராமங்களிலும் டெல்லியிலும் அதைத்தான் செய்தார்கள். பயிற்சி பெற்ற சிலரை நெஞ்சுவலிக்காரராக, ஆஸ்துமாக்காரராக, வயிற்றுப்போக்கில் தவிக்கும் குழந்தையின் தகப்பனாராக மருத்துவம் பார்ப்பவர்களிடம் அனுப்பினார்கள். என்ன கேட்டார், என்ன பரிசோதித்தார், என்ன எழுதினார் என்பதெல்லாம் பதிவானது. மத்தியப் பிரதேசத்தில் ஒரு சந்திப்பு சராசரியாக நான்கு நிமிடம்கூட நீடிக்கவில்லை. பட்டம் பெற்றவருக்கும் பெறாதவருக்கும் தரத்தில் இருந்த இடைவெளி, நாம் நினைப்பதைவிடச் சிறிது. கட்டிடத்தையும் சான்றிதழையும் எண்ணும் எந்தக் கணக்கெடுப்பாலும் இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது.

இவர்களுக்கெல்லாம் முன்னோடி, வேல்ஸில் சுரங்கத் தொழிலாளர்கள் வாழ்ந்த ஒரு கிராமத்தின் மருத்துவர் ஜூலியன் டியூடர் ஹார்ட். நல்ல மருத்துவம் யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்கே குறைவாகக் கிடைக்கிறது என்று 1971-ல் ‘லான்செட்’ இதழில் அவர் எழுதிய கட்டுரை உலகப் புகழ் பெற்றது. அதைவிட நமக்குப் பயன்படுவது அவர் தன் ஊரில் செய்த காரியம். தேடி வந்தவரை மட்டும் பார்க்காமல், தன் பொறுப்பில் இருந்த பெரியவர்கள் அத்தனை பேருக்கும் ரத்த அழுத்தம் பார்த்தார். கூடியிருந்தவர்களை ஆண்டுக்கணக்கில் விடாமல் பின்தொடர்ந்தார்.

வாசல் தேடி வந்த மாத்திரை

தமிழ்நாடும் அந்தத் திசையில் நடக்கத் தொடங்கியது. கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்ட் 5 அன்று ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கப்பட்டது. மகளிர் சுயஉதவிக் குழுக்களிலிருந்து வந்த பெண்கள் வீட்டுக்கே போய் அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள், மாத்திரை கொடுக்கிறார்கள். மேலே சொன்ன நான்கு காரணங்களில் முதல் மூன்றை இது நேராகத் தொடுகிறது. நோய் வீட்டிலேயே கண்டுபிடிக்கப்படுகிறது. கூலி போவதில்லை. கொண்டுவருபவர் நம் தெருக்காரர் என்பதால் மாத்திரையின் நிறம் ஏன் மாறியது என்று கேட்கவும் ஆள் உண்டு. 2024-ல் ஐ.நா. அமைப்பின் விருதும் இத்திட்டத்துக்குக் கிடைத்தது.

விருதைவிடப் பெரிய செய்தி, அரசு மறுபடியும் அளந்து பார்த்தது. 2023-24-ல் நடந்த இரண்டாவது ‘ஸ்டெப்ஸ்’ ஆய்வில், ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருந்தவர்கள் 17 சதவீதம், சர்க்கரை 16.7 சதவீதம். ஏழு பதினேழானது சாதாரண விஷயம் இல்லை. அதே நேரத்தில், நூற்றில் 83 பேருக்கு இன்னும் அழுத்தம் இறங்கவில்லை என்பதும் அதே எண்ணில்தான் இருக்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. இந்த முன்னேற்றம் முழுவதும் இந்தத் திட்டத்தால் வந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது. இடையில் கரோனா வந்து போனது. உடல்நலம் பற்றிய அச்சம் கூடியது. வீட்டிலேயே அழுத்தம் பார்க்கும் கருவி பல குடும்பங்களுக்குள் நுழைந்தது. சில ஒன்றியங்களில் முதலிலும் மற்றவற்றில் ஓராண்டு கழித்தும் தொடங்கி, இரண்டையும் ஒப்பிட்டிருந்தால் சந்தேகத்துக்கு இடமிருந்திருக்காது. இந்த ஒப்பீட்டு வழி நமக்குத் தெரியாததும் அல்ல. அனைவருக்குமான சுகாதாரத் திட்டத்துக்கான முன்னோட்டம் சூளகிரி, விராலிமலை, வேப்பூர் என மூன்றே ஒன்றியங்களில் நடத்தப்பட்டது. துணை சுகாதார நிலையங்களை வலுப்படுத்தினால் மக்கள் எங்கே போகிறார்கள், எவ்வளவு செலவழிக்கிறார்கள் என்பதைச் சென்னை ஐஐடி ஆய்வாளர்கள் ஆராய்ந்தார்கள். ஊருக்குள்ளேயே சிகிச்சை கிடைத்தபோது மக்கள் அங்கே போகத் தொடங்கினார்கள். தனியாரிடம் போவது குறைந்தது. சில இடங்களில் தொடங்கி அளந்து பார்க்கும் அந்தப் பழக்கத்தை நாம் தொடர்ந்திருக்க வேண்டும்.

படுக்கையைப் பார்க்கும் பணம்

அரசியல் மேடைகளில் சுகாதாரம் என்றால் காப்பீடு என்றாகிவிட்டது. 2009-ல் கலைஞர் பெயரில் தொடங்கி, 2012-ல் முதலமைச்சரின் விரிவான திட்டமாகி, 2018-ல் மத்திய அரசின் திட்டத்தோடு இணைந்து, இன்று ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை பாதுகாப்புத் தரும் அட்டை அது. அந்த அட்டையால் இதய அறுவை சிகிச்சை செய்துகொண்டு, நிலத்தை விற்காமல் தப்பிய குடும்பங்கள் உண்டு. பிரசவம் தவிர்த்த ஒரு முறை அனுமதிக்கு அரசு மருத்துவமனையில் சராசரியாக ரூ.4,452, தனியாரில் ரூ.31,845 செலவானதாக 2017-18-ல் எடுக்கப்பட்ட தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு சொன்னது. அந்த அடியைத் தாங்கக் காப்பீடு வேண்டும்தான்.

ஆனால், அட்டை பெரும்பாலும் வேலை செய்வது நோயாளி படுக்கையில் படுத்த பிறகு. நம் மக்களின் கைக்காசு அதிகம் கரைவது படுக்கையில் இல்லை. புறநோயாளியாக மருத்துவரிடமும் ஆய்வகத்திலும், எல்லாவற்றையும்விட மருந்துக்கடையில். அதே கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் சிகிச்சைக்காகச் சென்ற நோய்களில் சுமார் 30 சதவீதம்தான் அரசு நிலையங்களுக்கு வந்தன. மொத்த சுகாதாரச் செலவில் மக்கள் நேரடியாகக் கைப்பணத்திலிருந்து கொடுப்பது 2013-14-ல் 64.2 சதவீதமாக இருந்து, 2021-22-ல் 39.4 சதவீதமாகக் குறைந்தது என்கிறது தேசிய சுகாதாரக் கணக்கு. குறைந்தது நல்லதே. என்றாலும், கைக்காசைக் கொடுக்க முடியாமல் மாத்திரையைப் பாதியில் விட்டவரின் செலவும் இந்தக் கணக்கில் ‘குறைவு’ என்றுதான் பதிவாகும். செலவு குறைந்ததா, சிகிச்சை குறைந்ததா என்பதை அந்த ஒற்றை எண் பிரித்துச் சொல்லாது.

தாய்லாந்து 2001-ல் தொடங்கிய ‘30 பாட்’ திட்டம் இந்த முடிச்சை வேறு விதமாக அவிழ்த்தது. ஓர் ஊர் மருத்துவமனையில் பதிவுசெய்த ஒவ்வொருவருக்காகவும் ஆண்டுக்கு இவ்வளவு என்று அரசு பணம் கொடுத்தது. புறநோயாளி சிகிச்சையும் மருந்தும் அதற்குள்ளேயே அடக்கம். ஆளை நலமாக வைத்திருந்தால் மருத்துவமனைக்குப் பணம் மிஞ்சும். நம் காப்பீட்டிலோ மருத்துவமனையில் பெரிய சிகிச்சை நடந்தால்தான் பணம் வரும். பக்கவாதம் வந்த பிறகு லட்சங்களைத் தர ஆயத்தமாக இருக்கும் ஏற்பாடு, அதைத் தடுக்கும் மாத்திரையைப் பற்றிக் கேட்பதில்லை. எந்த மருந்தை, எந்தச் சோதனையைத் திட்டத்தில் சேர்ப்பது என்று முடிவெடுக்கும் முன், செலவையும் பலனையும் கணக்கிட்டுச் சொல்லத் தாய்லாந்தில் தனி ஆய்வு நிறுவனங்களும் உண்டு.

கேட்க வேண்டிய கேள்விகள்

அரசு செய்யக்கூடியது கைவசமே இருக்கிறது. முதலாவது, மாவட்டவாரியாக ரத்த அழுத்தமும் சர்க்கரையும் கட்டுக்குள் இருப்போர் எத்தனை பேர் என்ற எண்ணை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். எத்தனை பயனாளிகளின் வாசலுக்குப் போனோம் என்ற எண்ணை விளம்பரத்துக்கு வைத்துக்கொள்ளலாம். துறைச் செயலரின் மேசையில் இருக்க வேண்டியது முதல் எண். கன்னியாகுமரியும் தருமபுரியும் ஒரே நிலையில் இருக்காது. எது, எதனால் பின்தங்குகிறது என்று தெரிந்தால்தான் ஆளையும் மருந்தையும் இடம் பார்த்து அனுப்ப முடியும்.

இரண்டாவது, செலவைக் கேட்கும்போது மருத்துவக் கட்டணத்தோடு போன கூலியையும் கூடவந்தவரின் கூலியையும் சேர்த்துக் கேட்க வேண்டும். மாலை ஓ.பி. வேண்டுமா என்பதைக் கூட்டம் போட்டு விவாதிக்க வேண்டியதில்லை. சில நிலையங்களில் வைத்துப் பார்த்து, வைக்காத நிலையங்களோடு ஒப்பிட்டால் ஆறு மாதத்தில் விடை கிடைத்துவிடும்.

மூன்றாவது, தரத்தை அறிய நோயாளி போல ஆளனுப்பிப் பார்க்கும் ஆய்வு இங்கேயும் வேண்டும். அது மருத்துவரைப் பிடித்துத் தண்டிப்பதற்கான பொறியாகிவிடக் கூடாது. எண்பது பேர் வரிசையில் ஒருவருக்கு எத்தனை நிமிடம் கிடைக்கிறது என்பதை அரசுக்குக் காட்டும் கண்ணாடியாக இருந்தால், மருத்துவர் சங்கங்களே அதை வரவேற்கக் காரணம் உண்டு.

நான்காவது, காப்பீட்டுத் திட்டத்தில் குவிந்திருக்கும் விவரங்களைப் பெயரும் அடையாளமும் நீக்கிப் பல்கலைக்கழகங்களுக்குத் திறந்துவிட வேண்டும். எந்த மாவட்டத்தில் எந்த அறுவை சிகிச்சை அளவுக்கு மீறி நடக்கிறது, அட்டை இருந்தும் யார் கைக்காசு கொடுத்தார்கள், அனுமதிக்கப்பட்ட பக்கவாத நோயாளிகளில் எத்தனை பேர் அதற்கு முன் மாத்திரையை விட்டவர்கள் என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை அங்கே, அல்லது அங்கிருந்து தேடத் தொடங்கினால், கிடைக்கும்.

இவற்றால் சங்கடமான எண்கள் வரும் என்று ஆட்சியாளர்கள் அஞ்சலாம். ஆனால், ஏழு என்ற சங்கடமான எண் கையில் இல்லாதிருந்தால் பதினேழைப் பெருமையாகச் சொல்லியிருக்க முடியாது.

இதற்கெல்லாம் முன்பாக, மெடிக்கல் வாசலில் நின்ற அந்தப் பெண்ணைக் கணக்குக்குள் கொண்டுவர வேண்டும். அவர் அரசு நிலையத்துக்குப் போகவில்லை. எனவே, புறநோயாளிப் பதிவேட்டில் இல்லை. படுக்கையில் படுக்கவில்லை, எனவே, காப்பீட்டுக் கணினியில் இல்லை. பகலில் அவர் வேலைக்குப் போயிருந்ததால், வீடு தேடிவந்த ஊழியர் பூட்டைப் பார்த்துத் திரும்பியிருக்கலாம். சனிக்கிழமை அவர் மீதி மாத்திரைக்கு வந்தாரா, இல்லையா என்பது இப்போதைக்கு அந்தக் கடைக்காரர் ஒருவருக்குத்தான் தெரியும்.